யார் கேட்ட சூடு

இது எந்த ஜனவரியில் நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குழந்தைக்கு அப்போது ஏழு மாதம் என்று தோர்கின் சொன்னதாக ஞாபகம். ஒன்பது என்பான் அவள் கணவன் தாலப். விருந்து நடந்த அன்று வெளியே பனி கொட்டியதா, வெறும் காற்றுதானா என்பதிலும் எனக்குச் சந்தேகம். இப்படிப் பல விஷயங்களில் என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்பதை மட்டும் வடக்குப் புல்வெளி ஊரான அக்தோபேயில் அந்தத் தெருவில் இருந்த யாரும் மறக்கவில்லை. இருபத்தொன்பது டிகிரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.

சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் கேஸ் பாய்லர் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்களுக்கு அடியில் இருந்த சூட்டுத் தகடுகளைத் தொட முடியவில்லை. ஜன்னலின் மேல்கதவைத் திறந்து வைத்தால் கழுத்தில் பனிக்காற்று, முதுகில் அனல். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஜனவரி மாதத்தில் வேர்க்குரு வந்த குழந்தையை மருத்துவமனையில் இருந்த நர்ஸ் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எந்த ஊர்ல வளர்க்கறீங்க?" என்று கேட்டாள்.

தோர்கினின் மாமியார் கலம்பீருக்கு இதற்கான காரணம் முதல் வாரமே தெரிந்துவிட்டது. மருமகள் துர்கிஸ்தான் பக்கத்துப் பெண். முலாம்பழம் விளைகிற தெற்கு. குளிர் தாங்காது. யாரும் பார்க்காதபோது பாய்லரின் திருகைக் கூட்டி வைக்கிறாள், விடிவதற்குள் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுகிறாள். ஏனென்றால் அந்தத் திருகிலிருந்து பாய்லரின் உடம்பு வரைக்கும் கலம்பீரின் மூத்த மகன் ஒராஸ்பாய் தன் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தான். காலையில் போய்ப் பார்த்தால் கோடு உடையாமல் நேராகவே இருந்தது.

"கோடு நகரலையே, அபா," என்றாள் தோர்கின். அந்த வீட்டில் எல்லோருக்கும் கலம்பீர் 'அபா'தான்.

"அதான் சொல்றேன். அவ்வளவு சாமர்த்தியம்."

கோடு நகர்ந்திருந்தால் அவள் குற்றவாளி. நகராவிட்டால் கெட்டிக்காரக் குற்றவாளி.

ஒராஸ்பாய் இரண்டு தெரு தள்ளி இருந்தான். கடைசி மகன் தாலப்தான் வழக்கப்படி தாயோடு இருந்தான், ஆனால் அவன் எண்ணெய் வயலில் ஒரு மாசம் வேலை, ஒரு மாசம் வீடு என்று போய்வருபவன். அதனால் வீட்டில் குழாயோ கம்பியோ எது கெட்டாலும் ஒராஸ்பாய்தான் வருவான். பாய்லரைப் பொருத்தியவனும் அவன்தான். கணவனின் அண்ணன் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. தானே ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில், அவன் வேலை செய்வதைப் பார்த்து, தோர்கின் அவனுக்குப் 'பொற்கை அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தாள். அது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போய், பிறர் காதில் விழும்படியாக அவளைக் கூப்பிட வைப்பான்.

"என் வேலை கெட்டுப்போகாது," என்றான் பொற்கை அண்ணன், பாய்லரைத் தட்டிப் பார்த்துவிட்டு. "இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்."

அவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னான். அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

தோர்கின் ஒன்றும் தெரியாதவள் இல்லை. கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் ரொட்டி ஆலையில் அடுப்புகளின் சூடு பார்க்கும் வேலையில் இருந்தவள். அடுப்பு தன் இஷ்டத்துக்கு எரியாது, எங்கிருந்தோ ஒரு கட்டளை வருவதால்தான் எரியும் என்பது அவளுக்கு அங்கே முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. ஆகவே அவள் தேடினாள். ஏதாவது வெந்நீர்க் குழாய் சொட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சொட்டவில்லை. வெந்நீர்ப் பாதையை முழுசாக அடைத்துப் பார்த்தாள், அப்போதும் எரிந்தது. கேஸின் நீலச் சுடரைக் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், ஒருவர் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

அப்படி அவள் நிற்பதைக் கலம்பீர் பார்த்துவிட்டார்.

"என்ன, கையும் களவுமாவா?"

"பார்த்துக்கிட்டிருந்தேன், அபா. தொடல."

"பாய்லரைப் பார்க்க அதென்ன சினிமாவா?"

அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது தோர்கின் எழுந்து, மேஜைமேல் இருந்த ரொட்டியின்மீது கையை வைத்தாள். "நான் அந்தத் திருகைத் தொட்டிருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்," என்றாள். அதற்குமேல் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அங்கே யாரிடமும் இருக்காது. கீழே விழுந்த துண்டைக்கூட எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள். ரொட்டியின்மேல் கை வைத்தவளிடம் மறுகேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது.

கலம்பீர் அந்த ரொட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ரொட்டியை இதுக்கெல்லாம் இழுக்காத," என்றார். சாப்பிட்டு முடித்ததும் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தார். பாய்லர் அறை பூட்டப்பட்டது. சாவி கலம்பீரின் அங்கிப் பையில்.

பூட்டிய அறைக்குள் பாய்லர் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டார் கலம்பீர். தோர்கினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு. அதற்குப் பிறகு மூன்று நாள் மாமியார் அவளோடு பேசவில்லை. பேசினாலும் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். "உங்கம்மாவுக்கு நாம தெருவையே சூடு பண்ணணுமாம், கண்ணு."

கேஸ்காரரை வரவழைத்ததும் கலம்பீர்தான். அவர் தொப்பியைக் கழற்றாமல் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார், ஒரு கருவியை அங்கே இங்கே வைத்துப் பார்த்தார், பால் ஊற்றிய டீ நான்கு கிண்ணம் குடித்தார்.

"பாய்லர் தங்கமா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

"பின்ன ஏன் எரியுது?"

"யாரோ கேக்கறாங்க, அது குடுக்குது."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் கலம்பீர் மருமகளிடம்.

யார் கேட்கிறார்கள் என்று அந்த மனிதர் இன்னும் ஒரு நிமிஷம் தேடியிருக்கலாம். அடுத்த வீட்டில் வேலை இருந்தது, போய்விட்டார். அரைகுறையாகச் சொன்ன உண்மை, பொய்யைவிட அவளை அதிகமாகக் கெடுத்துவிட்டது.

அன்று தாலப்பிடம் போனில் சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டான். பிறகு, "நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் விட்டுப் பிடியேன். சூடுதானே," என்றான்.

"சூடு இல்லங்க. ரொட்டி மேல சத்தியம் பண்ணேன், உங்கம்மா நம்பல. உங்கண்ணன் நம்பல. நீங்க நம்பறீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

"நம்பறேன். ஆனா பாய்லர் தானா எரியாதுல்ல?"

அவள் போனை வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அவளிடம் சொந்தமாக இருந்தது இரண்டு பெட்டித் துணியும் ஒரு தையல் மெஷினும்தான். இவை தவிர ஒன்று உண்டு: இவள் சொன்னால் சொன்னதுதான் என்ற பெயர். ரொட்டி ஆலையில் சூட்டுக் கணக்கை அவள் எழுதினால் யாரும் மறுபடி போய்ப் பார்க்கமாட்டார்கள். இந்த வீட்டில் அந்தப் பெயர் போய்விட்டால், இதே ஆட்களுக்கு இன்னும் முப்பது வருஷம் எப்படி டீ ஊற்றிக் கொடுப்பது என்று யோசித்தாள். முடியாது என்று தோன்றியது. தாலப் வருவதற்குள் இது தெளிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவது.

இருபதாம் நாள் குழந்தை சூட்டில் அழுது அழுது மூச்சு வாங்கியபோது, வேறு வழியில்லாமல் அதைப் போர்வையில் சுற்றி விருந்தறைக்குள் கொண்டுபோனாள். வீட்டிலேயே பெரிய அறை அது. நல்ல கம்பளமும் கண்ணாடி அலமாரியில் கிண்ணங்களும் கூரை முட்ட அடுக்கிய மெத்தைகளும் அங்கேதான். விருந்தாளிகளுக்கு மட்டும். டிசம்பரில் தோர்கினின் பெற்றோர் பேத்தியைப் பார்க்க வந்து தங்கியபோது திறந்தது, அவர்கள் போனதும் கலம்பீர் அங்கே போகிற சூட்டுக் குழாயின் வால்வை அடைத்து, கதவடியில் பழைய கம்பளத்தைச் சுருட்டி வைத்து மூடிவிட்டார். யாரும் இல்லாத அறையை எதற்குச் சூடாக்குவது? அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். உள்ளே மூச்சு புகைந்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது.

எதிர்ச்சுவரில், பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கு மேலே, ஒரு வெள்ளைப் பெட்டி ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. டிசம்பரில் சம்பந்திகள் வருவதற்கு முந்தின நாள் ஒராஸ்பாய் வாங்கி வந்த பரிசு. கம்பியில்லாத தெர்மோஸ்டாட், அறையின் சூட்டைப் பார்த்துப் பாய்லருக்குக் கட்டளை அனுப்புவது. விலை உயர்ந்தது. அதை நடைபாதையில் மாட்டலாம் என்று அவன் சொன்னதற்கு, "பிள்ளை கொண்டு வந்ததை செருப்பு விடற இடத்துலயா மாட்டறது?" என்று கலம்பீர்தான் இங்கே மாட்டச் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், பாராட்டினார்கள்.

இப்போது அதன் முகத்தில் 9 என்ற எண் தெரிந்தது. மூலையில் சின்னதாக 22. அதற்கு அடியில் ஒரு தீச்சுடரின் படம்.

தோர்கின் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டவர் யார் என்று தெரிந்துவிட்டது. இந்த அறை இருபத்திரண்டு டிகிரி வேண்டும் என்று இருபது நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறது. பாய்லர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வால்வு மூடியிருப்பதால் கேட்ட அறைக்கு ஒரு சொட்டும் போய்ச்சேரவில்லை. கேட்காத அறைகள் வெந்துபோகின்றன.

ஓடிப்போய்ச் சொன்னாள். கலம்பீர் ஒராஸ்பாய்க்குப் போன் போட்டு, மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பொட்டி அந்த ரூமுக்கு மட்டும்தான், அபா," என்றது போன். "அங்கதான் வால்வு மூடியிருக்கே. அதுக்கும் மத்த ரூமுக்கும் என்ன சம்பந்தம்?"

"பொற்கை அண்ணே, பாய்லர் ஒண்ணுதானே இருக்கு? ரூமுக்கு ரூம் வேறயா எரியும்?"

"நான் போட்ட பாய்லரைப் பத்தி எனக்கே பாடமா?"

"மூத்தவன் ஆசையா வாங்கித் தந்தது," என்றார் கலம்பீர், போனை எடுத்துக்கொண்டு. "கடைசில அது மேலயும் பழி போட்டாச்சு."

"ஒரு நிமிஷம் வந்து பாருங்க, அபா."

"அந்தக் குளிர்ல நான் வந்து நிக்கணுமா? இடுப்பு பிடிச்சுக்கும்."

தோர்கின் தானே போய்ப் பெட்டியின் எண்ணை எட்டுக்குக் குறைத்தாள். சுடர்ப் படம் மறைந்தது. பூட்டிய அறைக்குள் பாய்லர் ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. மாலையில் வீடு வீடாக இருந்தது. குழந்தை தூங்கியது. கலம்பீர் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"பார்த்தியா? பெரியவன் ஒரு அதட்டு போட்டதும் அடங்கிட்ட."

"என்னது?"

"இருபது நாளா என்னமா ஆட்டம். கையை எடுத்ததும் நின்னுடுச்சு. நான் ஒண்ணும் சொல்லலம்மா. விடு. முடிஞ்சுபோச்சு."

முடிந்துபோகவில்லை. இனி இந்தப் பாய்லர் எத்தனை ஒழுங்காக நடந்தாலும் அது அவளுடைய குற்றத்துக்குச் சாட்சி. சரிசெய்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தோர்கின் எழுந்து விருந்தறைக்குப் போனாள். இருட்டில் பெட்டிக்கு முன்னால் நின்று நிறைய யோசித்தாள் என்று என்னிடம் சொன்னாள். என்ன யோசித்தாள் என்று சொல்லவில்லை. பிறகு எண்ணைப் பழையபடி இருபத்திரண்டில் வைத்தாள்.

பாய்லர் எரியத் தொடங்கியது. உறவுக்காரர்கள் வருகிற விருந்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் குழந்தையை நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து, விருந்தறைக் கதவருகிலேயே கிடத்தி வைத்திருந்தாள்.

இருபத்துநாலாம் நாள் குளிர்காலக் கறி விருந்து. டிசம்பரில் அறுத்து உப்பிட்டு வைத்த குதிரையிலிருந்து முதல் பங்கை உறவுக்காரப் பெரியவர்களுக்குப் போட்டாக வேண்டும். கலம்பீரின் நாத்தனார் ரபிகா, எழுபத்தெட்டு வயசு, அந்தக் குடும்பத்தில் கலம்பீர் பயப்படுகிற ஒரே ஆள், அவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். காலையிலேயே விருந்தறை வால்வைத் திறந்தாயிற்று. கறி ஆவி, டீத்தண்ணீர் கொதிக்கிற சமோவார், இத்தனை உடம்புகள். தோர்கின் கதவோரம் உட்கார்ந்து, மருமகள் உட்காரும் இடம் அது, கிண்ணம் கிண்ணமாக டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கலம்பீர் கதையை வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார். தெற்கத்திப் பெண்ணைக் கட்டினால் கேஸ் குழாயையும் கூடவே சீதனமாகக் கேட்க வேண்டும் என்றார். பூட்டுக்கதை வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பூட்டின ரூமுக்குள்ள எப்படிம்மா போன?" என்றார் ரபிகா. "சாவித் துவாரம் வழியாவா? இளைச்சுதான் இருக்க."

ஒராஸ்பாய் கறித்தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

அறை இருபத்திரண்டு டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும், அப்போது பாய்லர் நின்றது. அந்த வீட்டில், இடையில் ஒரு சாயங்காலம் தவிர, இருபத்துநாலு நாளாக இருந்த இரைச்சல் நின்றபோது அதைக் கேட்டது தோர்கின் ஒருத்திதான். அவள் கெண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாக, ரபிகாவின் தலைக்கு மேலே கையை நீட்டி, வெள்ளைப் பெட்டியை ஆணியிலிருந்து எடுத்தாள். மருமகள் அந்தப் பக்கம் நடந்து போவதே இல்லை.

"ஒரு நிமிஷம் எல்லாரும் சத்தம் போடாம இருங்க," என்றாள்.

வாசல் நடையைத் திறந்து பனிக்காற்றில் பெட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பூட்டிய அறைக்குள் பாய்லர் சீறிக்கொண்டு எரிந்தது. உள்ளே வந்து பெட்டியைச் சமோவாரின் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பாய்லர் அடங்கியது. கலம்பீரின் கை தானாக அங்கிப் பையில் இருந்த சாவியைத் தடவிப் பார்த்தது.

"இன்னொருக்கா செய்," என்றார் ரபிகா.

செய்தாள். பிறகு ரபிகாவே பெட்டியை வாங்கி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தார். பாய்லர் எரிந்தது. அக்குளில் வைத்துக்கொண்டார். நின்றது. எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பெட்டி கை மாறிக் கை போயிற்று. என்ன புத்தி பார் இதுக்கு என்றார்கள். ஒராஸ்பாய் தான் அதை எந்தக் கடையில் தேடிப்பிடித்தான் என்று சொல்லத் தொடங்கினான்.

தோர்கின் நின்றுகொண்டே இருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

"நான் ரொட்டி மேல சத்தியம் பண்ணேன்," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல்லுக்கு அந்த அறையில் இருந்த எல்லாக் கையும் நின்றது.

"யார்கிட்ட?" என்றார் ரபிகா.

"அபாகிட்ட. அபா ரொட்டியைத் தள்ளி வெச்சிட்டுப் போய்ப் பூட்டு வாங்கிட்டு வந்தாங்க."

ரபிகா கலம்பீரைப் பார்த்தார். கலம்பீருக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"இது உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"நாலு நாளா. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்."

"அப்புறம் அன்னிக்குச் சாயங்காலம் நின்னுதே. மறுபடி எரிஞ்சுதே. அது யாரு?"

"நான்தான்."

"பார்த்தீங்களா?" என்றான் ஒராஸ்பாய்.

"ஆமா. இந்த நாலு நாளும் நான்தான்," என்றாள் தோர்கின். "அதுக்கு முன்னால இருபது நாள் நான் இல்ல. நாலு நாளுக்கு என்ன வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன். என் குழந்தைகிட்டதான் நான் அதுக்குப் பதில் சொல்லணும். இருபது நாளுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

கலம்பீர் தன் கிண்ணத்தை முன்னால் தள்ளி வைத்தார். "டீ ஆறுது. பெரியவங்களுக்கு ஊத்து," என்றார்.

தோர்கின் கெண்டியை எடுத்தாள். கொண்டுபோய் ஒராஸ்பாயின் முன்னால் வைத்தாள். "பொற்கை அண்ணே, நீங்க ஊத்துங்க," என்றாள். அந்த வீட்டில் விருந்தாளிகள் முன்னால் ஓர் ஆண்பிள்ளை டீ ஊற்றியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஒராஸ்பாய் பெட்டியை நடைபாதைக்கு மாற்றினான். தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்ததாகச் சொன்னான். அதற்கு அடுத்த நாள் தோர்கின் குழந்தையோடு துர்கிஸ்தானுக்கு ரயில் ஏறினாள். வேலை முடிந்து வந்த தாலப் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போனான். மார்ச்சில் கலம்பீர் போன் செய்து, ரொட்டி விஷயத்தில் தப்பு தன்னுடையது என்றார். தோர்கின் போனைத் தாலப்பின் கையில் கொடுத்து, அவனிடமும் சொல்லச் சொன்னாள். கலம்பீர் சொன்னார். ஏப்ரலில் அவர்கள் திரும்பி வந்து, அதே தெருவில் தனி வீடு பார்த்துக்கொண்டார்கள். ரபிகா அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். ஒராஸ்பாய் இன்னும் அக்கம்பக்கத்தில் பாய்லர் பொருத்துகிறான். தோர்கின் அவனை இப்போது 'பெரியண்ணன்' என்று மட்டும் கூப்பிடுகிறாள். தாலப் எண்ணெய் வயல் வேலையை விட்டுவிட்டு லாரி ஓட்டுகிறான். கலம்பீருக்கு இடுப்பு முடியாமல் போய், இரண்டு வருஷமாகத் தோர்கினின் வீட்டில்தான் இருக்கிறார். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது.